பெட்டிக்குப் பின்னால் இருந்த கதவு

அபுதாபியில் யாரும் ‘வீட்டுக்குப் போறேன்’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. டூட்டி முடிந்தால் ‘ரூமுக்குப் போறேன்’ என்பார்கள். தொழிலாளர் கேம்ப்பில் அடுக்குக் கட்டிலில் படுக்கிறவர் அப்படிச் சொன்னால் சரி. பெண்டாட்டி பிள்ளையோடு, மிக்ஸி கிரைண்டரோடு குடித்தனம் நடத்துகிறவரும் ரூம் என்றுதான் சொல்கிறார். வீடு என்கிற வார்த்தையை ஊரில் பாதி எழும்பி நிற்கிற கட்டடத்துக்கென்று பத்திரமாக எடுத்து வைத்துவிடுகிறோம், கல்யாணத்துக்கு மட்டும் கட்டுகிற பட்டுச்சேலை மாதிரி.

எங்க வீட்டுக்காரர் இந்தக் கட்சியின் தலைவர். முசஃபாவில் ஒரு கராஜில் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிறார். காலண்டர் மாட்ட ஓர் ஆணி கேட்டேன் என்று வையுங்கள், “நாளைக்கே காலி பண்ணச் சொன்னா ஓட்டைய யாரு அடைக்கது?” என்பார். நாளைக்கே, நாளைக்கே என்று சொல்லிச் சொல்லியே என் மகள் இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். காலண்டர் இன்னும் ஃப்ரிட்ஜின் தலையில் சாய்ந்துகொண்டுதான் இருந்தது.

நான் ஒரு பள்ளிக்கூட பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலை பார்க்கிறேன். பெல்ட் மாட்டிவிடுவது, சண்டை விலக்குவது, தூங்குகிற பிள்ளையைத் தட்டி எழுப்புவது. பிள்ளைகளுக்கு நான் பஸ் ஆன்ட்டி. இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்தது அவர்களுடைய பேச்சுதான். பெரியவர்கள் பத்து நிமிஷம் சுற்றிச் சொல்வதைப் பிள்ளைகள் ஒரே வரியில் போட்டு உடைத்துவிடுவார்கள். அப்படி உடைத்த ஒரு வரியில்தான் இது தொடங்கியது.

அக்டோபர் கடைசி. ஏசியை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறக்கலாமா என்று ஜனங்கள் யோசிக்கிற நாள்கள். பஸ் முழுக்க ஹாலோவீன் பேச்சு. அது என்ன விசேஷம் என்று நான் அவர்களிடம்தான் படித்தேன்.

“பேய் மாதிரி ட்ரெஸ் பண்ணிட்டு ஒவ்வொரு டோரா தட்டணும் ஆன்ட்டி. கேண்டி குடுப்பாங்க.”

“குடுக்கலேன்னா?”

“பயமுறுத்தணும்.”

“அவங்க பயப்படலேன்னா?”

“நெக்ஸ்ட் டோருக்குப் போயிடணும்.”

எங்கள் கட்டடத்தில் அதற்கு ஒரு சட்டமும் இருந்தது. அலங்காரம் செய்த கதவைத்தான் தட்டலாம். வெறும் கதவைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று அம்மாமார் வாட்ஸ்அப்பில் பேசி முடித்திருந்தார்கள். என் மகளும் என் பஸ்ஸில்தான் வருவாள்; ஐந்தாவது மாடிப் பையன் ஒருவன் அவளிடம் கேட்டான்: “உங்க டோர் எது?”

“த்ரீ நாட் டூ.”

“அது அந்த இன்னொரு ஆன்ட்டியோட டோர். உன்னோட டோர் எது?”

கேலியாகக்கூடக் கேட்கவில்லை. வழி கேட்கிற மாதிரி கேட்டான். என் மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவன் கேட்டதில் பொய்யில்லை. நாங்கள் இருப்பது ஷேரிங் ஃப்ளாட். 302 ஒரு சென்னைக் குடும்பத்தின் பெயரில் இருக்கிறது. அவர் பெரிய ஆபீஸில் கணக்குப் பார்க்கிறவர்; மனைவியை நான் அக்கா என்பேன். ஹாலும் பெரிய படுக்கையறையும் அவர்களுக்கு. ஒரு ரூமும், அதை ஒட்டிய குளியலறையும், பின்பக்கத்துச் சின்ன நடையும் எங்களுக்கு. அடுப்படி பொது. வாசல் கதவு அவர்கள் ஹாலில் திறக்கும். நாங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த ஹாலைக் கடந்து எங்கள் ரூமுக்குப் போவோம்.

அன்றைக்குச் சாயங்காலம் மகள் கேட்டாள்: “அம்மா, நம்ம டோர் எது?”

ரூம் கதவைக் காட்டினேன்.

“அது உள்ள இருக்கு. உள்ள இருக்கிற டோர யாரு வந்து தட்டுவா? நீதான் தட்டுவ.”

எனக்கு அது சுருக்கென்றது. பேய்ப் பண்டிகையை நான் கொண்டாடித்தான் ஆகவேண்டும் என்று ஒன்றுமில்லை. ஆனால் ஒரு பிள்ளை தன் கதவை யாராவது வந்து தட்டவேண்டும் என்று ஆசைப்படுவது பேய் சமாசாரமே இல்லை. அது எந்தச் சாமிக்கும் குற்றமாகாது.

அக்காவிடம் போய் நின்றேன். “வாசக்கதவுல ரெண்டு பேப்பர் ஒட்டிக்கிடட்டுமாக்கா? பெறகு பசை இல்லாம நான் தொடச்சித் தந்துருதேன்.”

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார். “என்னம்மா நீ, தீபாவளி சமயத்துல வாசல்ல பேய் படம் ஒட்டுவாங்களா?”

“பேய் வேண்டாம்க்கா. எல மட்டும் ஒட்டுதேன். வெள்ளக்காரங்களுக்கு இது எல உதிர்ற காலமாம்.”

“எலையோ பேயோ, சும்மா பசங்க வந்து தட்டிக்கிட்டே இருக்கும். அவருக்கு வீட்ல இருந்தாலும் மீட்டிங். அதுவுமில்லாம...” ஒரு துண்டை நான்காக மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: “நீங்க எடுத்திருக்கிறது ரூம்தானம்மா. கதவு எங்களுது.”

கோபமாகச் சொல்லவில்லை. அந்தப் பையன் மாதிரியே, உள்ளதை உள்ளபடி. அதனால்தான் எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசிவிட்டுத் தூங்கியிருப்பேன்.

போய் நடையைக் கூட்டினேன். எனக்குக் கோபம் வந்தால் கை துடைப்பத்தைத் தேடும். நடையில் எங்கள் கார்கோ பெட்டி நின்றது. வளைகுடாவில் இருக்கிற எங்களைப் போன்ற எல்லோரிடமும் அப்படி ஒன்று இருக்கும். ஆள் உயர அட்டைப்பெட்டி. ஆஃபரில் எது கிடைத்தாலும் அதில் போய் விழும். நிறைந்ததும் கப்பலில் ஊருக்குப் போகும். ஒன்று போனால் அதே இடத்தில் அடுத்த பெட்டி வந்து நின்றுவிடும். இந்த ஃப்ளாட்டுக்கு வந்த முதல் நாளே சுவரோடு சேர்த்து வைத்தது. துடைப்பத்தை அதன் பின்னால் விட்டு இழுத்தபோது ‘டங்’ என்று ஒரு சத்தம். சுவர் அப்படிச் சத்தம் போடாது.

பெட்டியைத் தள்ளிப் பார்த்தேன். சுவர் நிறத்திலேயே பெயின்ட் அடித்த ஒரு கதவு. கைப்பிடி, தாழ்ப்பாள், சாவித்துவாரம் எல்லாம் இருந்தது.

கீழே போய் வாட்ச்மேனைக் கேட்டேன். மலையாளி. அவர் சிரித்தார். “பழைய பில்டிங் அல்லே சேச்சி. அரபிக் குடும்பங்களுக்குக் கட்டியது. விருந்தாளி வர ஒரு டோர், வீட்டுப் பெண்ணுங்க வர ஒரு டோர். எல்லா ஃப்ளாட்டிலும் உண்டு. சாவி என்டெ கையில் இருக்கு. பக்ஷே திறக்காது. பெயின்ட் மேல பெயின்ட்.”

சாவியை வாங்கிக்கொண்டு மேலே வரும்போது வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு. அக்கா எங்கள் கதவை மறைக்கவில்லை. வீட்டுச் சொந்தக்காரனும் மறைக்கவில்லை. நாங்களே மறைத்திருக்கிறோம், ஊருக்கு அனுப்புகிற பெட்டியை முட்டுக்கொடுத்து. எங்கே போவதற்காகச் சேர்த்தோமோ, அந்தச் சாமானாலேயே இருக்கிற இடத்தின் வாசலை அடைத்துக்கொண்டு செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறோம். இந்தத் தப்பை வேறு நாட்டுக்காரன் செய்யமாட்டான். எங்கள் ஆட்கள்தான் செய்வோம்.

ராத்திரிச் சாப்பாட்டில் வீட்டுக்காரரிடம் எடுத்தேன்.

“என்னங்க, அந்தப் பெட்டிய நகத்தணும்.”

“இன்னும் நெறயலயே.”

“நெறயாண்டாம். பின்னால கதவு இருக்கு. தெறக்கணும்.”

அவர் கையிலிருந்த சோற்றுருண்டை அப்படியே நின்றது. “கதவா? இருக்க ரூமுக்கு எத்தன கதவுளா வேணும்?”

“ஒண்ணு. நமக்குன்னு ஒண்ணு.”

“வாடகைக்கு இருக்க எடத்துல...”

“வாடகைய நாமதான குடுக்கோம்? இல்ல ஊர்ல இருக்க செங்கலு குடுக்கா?”

மகள் குறுக்கே வந்தாள். “அப்பா, பெயின்ட் ஒட்டிட்டா எப்படிப்பா தெறக்கும்?”

நல்ல கேள்வி கேட்டாள். மனுஷனை ரூம், வீடு என்று பேசி ஜெயிக்க முடியாது. பெயின்ட் என்று சொன்னால் எழுந்துவிடுவார். கையைக் கழுவிவிட்டு வந்து கதவோரத்தை விரலால் தடவிப் பார்த்தார். “எவனோ பட்டி பாக்காம அடிச்சிருக்கான்,” என்று ஏசினார். அப்புறம் கட்டரை எடுத்து, கதவுக்கும் நிலைக்கும் நடுவில் இருந்த பெயின்டை நூல் பிடித்த மாதிரி மேலிருந்து கீழ்வரை கீறினார். சாவித்துவாரத்தில் எண்ணெய் விட்டார். தோளால் ஒரு தள்ளு. கதவு ‘மடக்’கென்று பிரிந்து, மூன்றாவது மாடி வராந்தாவின் காற்று உள்ளே வந்தது. பக்கத்திலேயே குப்பை ரூம். நல்ல வாசமென்று சொல்லமாட்டேன். இருந்தாலும் அது எங்கள் வாசலின் காற்று.

மறுநாள் காலையில் அக்கா நடையில் வந்து நின்றார். “அந்தக் கதவ யாரும்மா தெறக்கச் சொன்னா?”

“நடை எங்க பங்குன்னு நீங்கதானக்கா சொன்னீங்க? பெட்டி வைக்க எங்க எடம்னா, தெறக்கவும் எங்க எடம்தான்.”

“ஓனர் ஏதாவது சொன்னா?”

“வாட்ச்மேன்தான் சாவி குடுத்தாரு. கேட்டா நான் பதில் சொல்லுதேன்.”

அக்கா பெட்டியை ஒரு பார்வை பார்த்தார். “இத எங்க ஹால்ல கொண்டாந்து வைக்காத.”

வைக்கமாட்டேன் என்றேன். எங்கே வைப்பது என்று எனக்கும் தெரியவில்லை. ஆனால் முகத்தில் தெரிந்த மாதிரி வைத்துக்கொண்டேன்.

இனி அலங்காரம். ஹைப்பர்மார்க்கெட்டில் ஒரு வரிசை முழுக்க ஹாலோவீன் சாமான் அடுக்கியிருந்தார்கள். பிளாஸ்டிக் பூசணி, பஞ்சுச் சிலந்திவலை, துணியில் செய்த இலைத் தோரணம். மகளும் நானும் மியூசியம் மாதிரிச் சுற்றிப் பார்த்துவிட்டு வெங்காயம் மட்டும் வாங்கிக்கொண்டு வந்தோம். இலை வாங்குவதா? அதற்கும் மேலே, இந்தத் தடவை நான் ஒரு ரோஷத்தில் இருந்தேன். வெறுங்கையால் அந்த வரிசையைத் தோற்கடிப்பேன் என்று.

வழி காட்டியது வீட்டுக்காரரின் சட்டை. அவர் சட்டையில் தினம் ஒரு நிறம் தெறித்திருக்கும். காருக்குப் பெயின்ட் அடிக்கும்போது கண்ணாடியிலும் டயரிலும் படாமலிருக்கச் சுற்றிலும் பழுப்புத்தாள் ஒட்டுவார்கள். வேலை முடிந்ததும் கிழித்துச் சுருட்டிக் குப்பையில் போடுவார்கள். அந்தத் தாளின் ஓரமெல்லாம் பெயின்ட் பனி மாதிரி படிந்திருக்கும். ஓரத்தில் அடர்த்தியாக, உள்ளே போகப்போக மங்கலாக. நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்துக் கொண்டுவாருங்கள் என்றேன். கட்டுக் கட்டாக வந்தது. டெலிவரி வேன்களின் ஆரஞ்சு, யாரோ பணக்காரப் பையனின் செம்பு நிறம், ஒரு பழைய ஜீப்பின் மெரூன். பள்ளிக்கூட பஸ்ஸின் மஞ்சளும் இருந்தது. என் பஸ்ஸாகக்கூட இருக்கலாம்.

தாளைத் தரையில் விரித்து, நானும் மகளும் ஒவ்வொரு நிறமாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம். அவர் மட்டும், “இது குப்பைதானளா?” என்றார்.

இலையின் உருவத்துக்குப் பார்க்கிங் ஓரத்து வாதாம் மரத்தடியில் ஒரு சிவந்த இலை பொறுக்கி வந்தேன். உள்ளங்கையைவிடப் பெரிய இலை. மகள் உதட்டைப் பிதுக்கினாள்.

“இது ஹாலோவீன் லீஃப் இல்லம்மா. அது ஃபிங்கர் ஃபிங்கரா இருக்கும். புக்ல இருக்கு.”

“புக்ல இருக்க மரம் இங்க இருக்காட்டி?”

“இல்ல.”

“பெறகு? இங்க எது உதிருதோ அதுதான் இந்த ஊரு எல.”

அவள் யோசித்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தாள்.

பெட்டிப் பிரச்சினைக்கும் ஒரு முடிவு வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் கடைக்குப் போன நேரம் பார்த்து அதன் டேப்பைக் கிழித்தேன். கம்பளி, பிளாஸ்க், தைலம், சோப்பு. நடுவில் பொதிந்து பொதிந்து வைத்த செம்மண் நிறத் திரைச்சீலை ஒரு ஜோடி. இன்னும் ஜன்னலே வைக்காத சுவருக்கு வாங்கினது. அடியில் ஒரு மஞ்சள் சீரியல் பல்பு மாலை; புதுவீட்டில் பால் காய்ச்சும் அன்றைக்குப் போடலாம் என்று. எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். கம்பளி எங்கள் கட்டிலுக்கு, பிளாஸ்க் அவர் டூட்டிக்கு, திரைச்சீலை நடைக்கு, பல்பு மாலை கதவைச் சுற்றி. பெட்டி அரைமணி நேரத்தில் காலி.

அவர் திரும்பி வந்தார். முதலில் அந்த விளக்கைப் பார்த்தார். “இது பால் காய்ச்சுக்கு வாங்கினதுல்லா?”

“காய்ச்சியாச்சு. அடுப்புல இருக்கு, குடிங்க.”

அவருக்குக் கோபம் வரத்தான் செய்தது. டம்ளரை வாங்கிக்கொண்டு கதவுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். நானும் மகளும் கதவில் இலைகளை ஒட்டத் தொடங்கினோம். கொஞ்ச நேரத்தில், “அந்த மெரூனு எலய ஆரஞ்சு பக்கத்துல வைக்காத, செம்பு பக்கத்துல வை,” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

மிட்டாய்க்கு நான் பேரீச்சம்பழம் வைத்தேன். புதுப்பழம் மலிவாகக் கிடைக்கிற சமயம். கடலை ஆகாத பிள்ளைகள் யார் யார் என்று பஸ்ஸில் எனக்கு மனப்பாடம், அதனால் கொட்டையை எடுத்துவிட்டு உள்ளே தேங்காய்ப்பூ மட்டும் அடைத்தேன். ஒவ்வொன்றையும் வெள்ளை டிஷ்யூவில் சுற்றி, கழுத்தில் நூல் கட்டி, பேனாவால் இரண்டு கண். தட்டு நிறையக் குட்டிப் பேய்கள்.

அந்தச் சாயங்காலம் வந்தது. மகள் என் பழைய கறுப்பு துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு, கண்மையால் மீசை வரைந்துகொண்டு கதவுக்குப் பின்னால் நின்றாள். கதவைச் சாத்தி வைக்கச் சொன்னாள். திறந்து வைத்தால் தட்டமாட்டார்களாம்.

லிப்ட் திறக்கிற சத்தம் கேட்டது. கூச்சல் கேட்டது. 304-ஐத் தட்டினார்கள். 306-ஐத் தட்டினார்கள். காலடிகள் திரும்பி லிப்டுக்குப் போய்விட்டன. எங்கள் கதவு வராந்தாவின் திருப்பத்தில், குப்பை ரூம் பக்கம் இருந்தது. அங்கே ஒரு வீட்டு வாசல் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

இன்னொரு கூட்டமும் அப்படியே வந்து அப்படியே போனது.

“நான் போய் கூப்ட்டு வாரேன்,” என்றேன்.

“வேண்டாம்மா.” என் கையைப் பிடித்து நிறுத்தினாள். “கூப்ட்டா அது தட்டுறது இல்ல. அவங்களா தட்டணும்.”

பிள்ளையைப் பார்த்தேன். கதவைப் பார்த்தேன். அவ்வளவு பாடுபட்டு ஒட்டிய இலைகள், செம்பு பக்கத்தில் மெரூன். வெளியே போய், கீழ்ப்பாதி இலைகளை மடமடவென்று உரித்தேன். லிப்ட் வாசலிலிருந்து தொடங்கி வராந்தா முழுக்கப் போட்டுக்கொண்டே வந்தேன். முதலில் ஒன்று, அப்புறம் இரண்டு மூன்று, திருப்பத்தில் குவியலாக, எங்கள் வாசல்படியில் மூடுகிற அளவுக்கு. வெயில் தவிர வேறெதுவும் விழாத ஊரில், ஏசி வராந்தாவில், இலையுதிர்காலத்தை நான் கையால் கொட்டினேன்.

தளத்தைத் துடைக்கிற தம்பி மாப்போடு வந்து, “யே க்யா ஹை, தீதி?” என்றார், இதென்ன அக்கா என்று.

“பாய், கல் மே சாஃப் கரேகா. ஆஜ் மாஃபி,” என்றேன். நானே நாளைக்குக் கூட்டுகிறேன், இன்றைக்கு ஒன்றையும் தொடாதே என்று அர்த்தம். என் ஹிந்தி அவ்வளவுதான். அவருக்குப் புரிந்தது. சிரித்துக்கொண்டே மாப்பைத் தூக்கிக்கொண்டு இலையில் படாமல் ஓரமாக நடந்து போனார்.

உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். லிப்ட் திறந்தது. பேச்சு நின்றது. அப்புறம் ஒரு குரல்: “லுக், லீவ்ஸ்!” சரக் சரக்கென்று தாள் மிதிபடும் சத்தம் கிட்டே வந்தது. என் மகள் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள்.

டொக் டொக் டொக்.

அவள் உடனே திறக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அப்புறம் திறந்தாள்.

“ட்ரிக் ஆர் ட்ரீட்!” முன்னால் நின்றது அந்த ஐந்தாவது மாடிப் பையன், எலும்புக்கூடு சட்டையில். “ஏய், பஸ் ஆன்ட்டி! இது உங்க டோரா?”

“என் டோர்,” என்றாள் என் மகள்.

அதற்குப் பிறகு கதவு சும்மா இருக்கவில்லை. பேய்ப்பழம் தீரப் போகிற நேரத்தில் ஒரு தட்டல் கேட்டது. பிள்ளைகள் தட்டுகிற மாதிரி இல்லை, பதமான தட்டல்.

“யாரு?” என்றேன். எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்டேன். இத்தனை நாள் அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு ஒரு கதவு இருந்ததில்லை.

“நான்தாம்மா.”

“நான்தான்னா யாரு?” என்றாள் மீசைக்காரி.

“ஹால் ஆன்ட்டி,” என்றார் அக்கா.

உள் வழியாக நாலு எட்டு வைத்தால் வந்துவிடலாம். வாசல் கதவைத் திறந்து வராந்தாவைச் சுற்றி வந்திருந்தார். வாழ்த்துச் சொல்ல ஒன்றும் வரவில்லை. “லிப்ட் வரைக்கும் ஒரே குப்பை. காலைல கூட்டிடுவல்ல?” என்றார். கண் திரைச்சீலைக்குப் போனது. “இது நல்லா இருக்கே. எங்க வாங்கின?” ஒரு பேயை எடுத்துக் கழுத்து நூலைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் போனார். அவரவர் கதவைச் சாத்திக்கொண்டோம்.

இலைகளைக் காலையில் நானே கூட்டினேன். நல்லதாகப் பார்த்து எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைக் குப்பை ரூமில் கொட்டினேன். காலிப் பெட்டியையும் மிதித்துத் தட்டையாக்கி அங்கேயே சாத்தினேன். அடுத்த வாரம் வீட்டுக்காரர் கராஜிலிருந்து ஒரு சின்னத் தகடு கொண்டுவந்தார். செம்பு நிறத்தில் அடித்து, வெள்ளையில் எழுதியிருந்தார்: 302-பின். பளபளப்புக்காக மேலே அடித்த லாக்கர் பூச்சில் முகம் தெரிந்தது.

“ஆணி எங்க இருக்கு?” என்றார்.

நான் விடுவேனா? “நாளைக்கே காலி பண்ணச் சொன்னா ஓட்டைய யாரு அடைக்கது?”

“நான் பெயின்டர்தானளா,” என்று கையை நீட்டினார். “சுத்தியல எடு.”